கார் வாங்கப் போகிறீர்களா? முதலில் எக்ஸெல் திறங்கள்!

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய பலரது வீட்டிலும் எக்ஸெல் ஐகான் திரையில் சும்மா இருக்கும். கடிதம் டைப் செய்ய வேர்ட், படம் பார்க்க ஒரு பிளேயர், இன்டர்நெட்டுக்கு பிரவுசர். அதோடு சரி. "அது ஆபீஸ்காரர்களுக்கு" என்று எக்ஸெல்லை ஒதுக்கி விடுகிறோம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. பாளையங்கோட்டையில் இருக்கும் அப்பாவுக்கு, அவர் ரிட்டயர் ஆனதும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருந்தேன். நான் சென்னையில் சாஃப்ட்வேர் இன்ஜினியர். நாள் முழுக்க மற்றவர்களுடைய கணக்குகளுக்கு புரோகிராம் எழுதுகிறவன். ஆனால் எங்கள் வீட்டுக் கணக்கு என்னவோ பழைய டைரியின் கடைசிப் பக்கத்தில்தான் இருந்தது.

ஒரு நாள் அப்பா போன் செய்து, "தம்பி, ஒரு எஸ்யுவி பார்த்திருக்கேன். அம்மாவுக்கு ஏறி இறங்க வசதியா இருக்கும். அட்வான்ஸ் கொடுத்திரவா?" என்றார். எத்தனை ரூபாய் என்று கேட்டேன். "பதிமூன்றரை" என்றார். அது ஷோரூம் விலை. சாலைக்கு வரும்போது அது எவ்வளவு ஆகும், மாதத் தவணை எவ்வளவு, வருடத்துக்குப் பெட்ரோல் எவ்வளவு என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. உண்மையைச் சொன்னால் என்னிடமும் இல்லை. அந்த வார இறுதியில் ஊருக்குப் போய் அப்பாவைக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்து ஒரு ஒர்க்ஷீட் போட்டோம். அதை அப்படியே உங்களுக்கும் தருகிறேன். நீங்கள் கார் வாங்கவில்லை என்றாலும் போட்டுப் பாருங்கள். எக்ஸெல்லில் ஃபார்முலா எழுதுவது, டாலர் குறி, கோல் சீக் என்று நாலைந்து விஷயங்கள் ஒரே மூச்சில் பழகிவிடும்.

எக்ஸெல் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் போதும். ஃபார்முலாக்கள் இரண்டிலும் ஒன்றுதான். ஒரு முக்கியக் குறிப்பு: இங்கே ஏ, பி, சி என்று அச்சாகியிருக்கும் செல் பெயர்களையும், ஃபார்முலாவில் வரும் சொற்களையும் கீபோர்டில் ஆங்கில எழுத்துகளாகவே டைப் செய்ய வேண்டும்.

மாறும் எண்கள் மேலே

புதிய ஒர்க்ஷீட்டைத் திறந்து, ஏ1 முதல் ஏ6 வரை ஒன்றன் கீழ் ஒன்றாக இவற்றை டைப் செய்யுங்கள்: வருட ஓட்டம் கி.மீ., பெட்ரோல் விலை, டீசல் விலை, வட்டி, கடன் வருடம், கையிலிருந்து கட்டும் பணம். அவற்றுக்குப் பக்கத்தில் பி1 முதல் பி6 வரை எண்கள். நாங்கள் போட்டவை: 10000, 100, 92, 9%, 5, 770000. எரிபொருள் விலையும் வட்டியும் கணக்குக்காக நாங்கள் வைத்துக் கொண்ட எண்கள். நீங்கள் வாங்கும் நாளில் உங்கள் ஊர் விலையையும் உங்கள் வங்கி சொல்லும் வட்டியையும் போட்டுக் கொள்ளுங்கள்.

எண்களை டைப் செய்யும்போது கமா வேண்டாம், 'ரூ.' என்றும் சேர்க்க வேண்டாம். எழுத்து கலந்தால் எக்ஸெல் அதை எண்ணாக எடுத்துக் கொள்ளாது. கண்டுபிடிப்பது எளிது: எண் என்றால் செல்லின் வலது ஓரத்தில் போய் நிற்கும், எழுத்து என்றால் இடது ஓரத்தில் நிற்கும். அப்பா முதலில் "100 ரூ" என்று டைப் செய்துவிட்டு, ஏன் கணக்கு வரவில்லை என்று அரை மணி நேரம் கம்ப்யூட்டரைத் திட்டினார்.

அடுத்து ஏழாவது வரிசையில் கார்களின் பெயர்கள். நாங்கள் மூன்று வண்டிகளை ஓட்டிப் பார்த்திருந்தோம். அம்மா அவற்றை சிவப்பு, வெள்ளை, சாம்பல் என்றுதான் சொல்வார். மாடல் பெயரும் வேரியன்ட் பெயரும் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? எனவே பி7, சி7, டி7 செல்களில் அந்த நிறங்களையே போட்டோம். சிவப்பும் வெள்ளையும் நான்கு மீட்டருக்கு உட்பட்ட சிறிய எஸ்யுவிகள். டாடா நெக்ஸான், மாருதி பிரெஸ்ஸா, ஹூண்டாய் வென்யூ வகை என்று வைத்துக் கொள்ளுங்கள். சாம்பல் அதற்கு அடுத்த அளவு; ஹூண்டாய் க்ரெட்டா, கியா செல்டாஸ் வகை.

இந்த நான்கு மீட்டர் விஷயம் தெரிந்து கொள்ள வேண்டியது. 2025 செப்டம்பர் 22 முதல், நீளம் 4,000 மி.மீ.க்குள்ளும் பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள்ளும் (டீசல் என்றால் 1,500 சிசிக்குள்) இருந்தால் ஜிஎஸ்டி 18 சதவீதம். நீளமோ இன்ஜினோ இதைத் தாண்டினால் 40 சதவீதம். நெக்ஸான், பிரெஸ்ஸா எல்லாம் சரியாக 3,995 மி.மீ. நீளத்தில் நிற்பதன் ரகசியம் வரிதான். ஆனால் நான்கு மீட்டருக்குள் இருப்பதெல்லாம் 18 சதவீதம் என்று நினைத்து விடாதீர்கள். பிரெஸ்ஸாவில் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். நீளத்தில் பாஸ், இன்ஜினில் ஃபெயில். ஷோரூம் விலையில் ஜிஎஸ்டி ஏற்கெனவே சேர்ந்திருக்கும் என்பதால் அதற்கு நாம் தனியாக வரிசை போட வேண்டியதில்லை.

பத்து லட்சம் என்ற கோடு

ஏ8 முதல் ஏ12 வரை: ஷோரூம் விலை, சாலை வரி, இன்சூரன்ஸ், பதிவு மற்றும் இதர செலவு, மொத்தம். ஷோரூம் விலைகள் சிவப்பு 990000, வெள்ளை 1010000, சாம்பல் 1350000. இனி பி9 செல்லில் கர்சரை வைத்துக் கீழ்க்கண்டவாறு டைப் செய்து என்டர் தட்டவும்.

=இஃப்(பி8>1000000, பி8*18%, பி8*13%)

இஃப் என்பது ஐ, எஃப் என்ற இரண்டு எழுத்துகள். "பி8இல் உள்ள விலை பத்து லட்சத்துக்கு மேல் என்றால் 18 சதவீதம் போடு, இல்லையென்றால் 13 சதவீதம் போடு" என்பது இதன் பொருள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றியமைக்கப்பட்ட வாழ்நாள் சாலை வரி இது. 5 லட்சம் வரை 12, அதற்கு மேல் 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். நம் கார்கள் எல்லாம் 5 லட்சத்துக்கும் 20 லட்சத்துக்கும் நடுவில் இருப்பதால் ஒரு இஃப் போதும்.

இப்போது பி9 செல்லின் கீழ் வலது மூலையில் தெரியும் சிறிய கட்டத்தை மவுஸால் பிடித்து டி9 வரை இழுத்து விடுங்கள். ஃபார்முலா மற்ற இரண்டு கார்களுக்கும் தானாகவே காப்பி ஆகிவிடும். பி8 என்பது சி8, டி8 என்று அதுவே மாறிக் கொள்ளும். செல்லில் எண்ணுக்குப் பதில் வரிசையாக # குறிகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். காலம் அகலம் போதவில்லை, அவ்வளவுதான். மேலே உள்ள காலம் எழுத்தின் ஓரத்தில் டபுள் கிளிக் செய்தால் சரியாகிவிடும்.

சிவப்புக்கு வரி 1,28,700. வெள்ளைக்கு 1,81,800. விலையில் இருபதாயிரம்தான் வித்தியாசம், வரியில் 53,100! போதாக்குறைக்கு 10 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு விலையில் 1 சதவீதம் டிசிஎஸ் வேறு பிடிப்பார்கள். வருமான வரி ரிட்டர்னில் அதைக் கழித்துக் கொள்ளலாம் என்றாலும் வாங்கும் அன்று கையிலிருந்து போகும். இன்சூரன்ஸையும் பதிவுச் செலவையும் கொட்டேஷனைப் பார்த்து டைப் செய்தோம். டிசிஎஸ்ஸை இதர செலவில் சேர்த்துக் கொண்டோம். பி12இல்

=சம்(பி8:பி11)

என்று கொடுத்து (எஸ், யு, எம்) வலது பக்கம் இழுத்தோம். சிவப்பு 11,70,000. வெள்ளை 12,54,200. சாம்பல் 16,70,000. வெள்ளையில் சன்ரூஃப் இருக்கிறது, "வெறும் இருபதாயிரம்தான் சார் கூட" என்று சொல்லித்தான் எங்களிடம் காட்டினார்கள். அந்த வெறும் இருபதாயிரம் 84,200 ஆகியிருந்தது. எனக்கு அந்த சன்ரூஃப் மேல் ஒரு கண் என்பதையும் இங்கே ஒப்புக் கொள்கிறேன். அதனால் வந்த வினையைப் பின்னால் சொல்கிறேன்.

தவணையைக் கணக்கிட

ஏ13 கடன், ஏ14 மாதத் தவணை. பி13இல் =பி12-$பி$6 என்று டைப் செய்யவும். டாலர் குறி எதற்கு? ஃபார்முலாவை இழுக்கும்போது பி12 என்பது சி12 ஆக மாற வேண்டும். ஆனால் கையிருப்பு எப்போதும் பி6இல்தான் இருக்கிறது, அது மாறக்கூடாது. எழுத்துக்கும் எண்ணுக்கும் முன்னால் டாலர் போட்டால் அந்த செல் ஆணி அடித்தது போல் நிற்கும். கையால் டைப் செய்யச் சிரமமாக இருந்தால், ஃபார்முலாவில் பி6 மேல் கர்சரை வைத்து எஃப்4 கீயை அழுத்தினால் போதும். லேப்டாப் சிலவற்றில் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும்.

பி14இல்:

=பிஎம்டி($பி$4/12, $பி$5*12, -பி13)

பி, எம், டி மூன்று எழுத்துகள். அடைப்புக்குள் முதலில் மாத வட்டி (வருட வட்டியை 12ஆல் வகுக்கிறோம்), அடுத்து மொத்த மாதங்கள், கடைசியில் கடன் தொகை. கடனுக்கு முன்னால் மைனஸ் போடாவிட்டால் விடை மைனஸில் வரும். தவறில்லை, பார்க்க நன்றாக இருக்காது. சிவப்பு 8,303, வெள்ளை 10,051, சாம்பல் 18,683.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருடைய பென்ஷன் 36,000 ரூபாய். கடன் என் பெயரில், தவணை அவர் பென்ஷனிலிருந்து என்பதுதான் பேச்சு. நான் கட்டுகிறேன் என்றால் கேட்க மாட்டார். "ஷோரூம்ல பதினாலாயிரத்து ஐநூறுன்னாங்களே" என்றார். பி5இல் 5க்குப் பதில் 7 என்று மாற்றச் சொன்னேன். சாம்பலின் தவணை 14,480 என்று மாறியது. அவர்கள் சொன்னது பொய்யில்லை, ஏழு வருடக் கணக்கைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் தவணையை மாதங்களால் பெருக்கிக் கடனைக் கழித்துப் பாருங்கள். ஐந்து வருடத்தில் கட்டும் வட்டி சுமார் 2,21,000. ஏழு வருடத்தில் சுமார் 3,16,000. மாதம் நாலாயிரம் குறைவதற்காக 95,000 அதிகம். எந்த ஷோரூமிலும் தவணையைத்தான் முதலில் சொல்வார்கள், வருடத்தை நாம்தான் கேட்க வேண்டும். பி5ஐ மறுபடி 5 ஆக்கிவிட்டோம்.

பெட்ரோலா டீசலா

ஏ15 மைலேஜ், ஏ16 வருட எரிபொருள் செலவு. பி16இல் =$பி$1/பி15*$பி$2. மைலேஜுக்கு விளம்பரத்தில் உள்ள எண்ணைப் போடாதீர்கள். அது வண்டியை உருளைகளின் மேல் நிறுத்தி, வகுத்து வைத்த வேகங்களில் ஓட்டி ஆய்வகத்தில் எடுப்பது. கார்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிட உதவும், வீட்டு பட்ஜெட் போட உதவாது. அதே வண்டியை வைத்திருப்பவர்கள் இருவரிடம் கேட்டு, கிடைத்ததில் குறைந்த எண்ணைப் போட்டோம். விளம்பரத்தின் 18 என்றால் வருடம் 55,556 ரூபாய். தெருவின் 14 என்றால் 71,429.

டீசல் வண்டி லிட்டருக்கு 17 தந்தால், 92 ரூபாய் விலையில் வருடம் 54,118. மிச்சம் 17,311. ஆனால் டீசல் வேரியன்ட் சாலைக்கு வரும்போது ஒன்றரை லட்சம் கூட என்று கொட்டேஷன் சொன்னது. 150000ஐ 17311ஆல் வகுத்தால் எட்டரை வருடத்துக்கும் மேல். பி1இல் 25000 கி.மீ. என்று மாற்றினால் மூன்றரை வருடமாகக் குறைகிறது. ஆக, டீசல் லாபமா என்ற கேள்விக்கு பதில் உங்கள் ஓட்டத்தில்தான் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்6 விதி வந்தபின் டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது. அது தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்து கொள்ள, வண்டி அவ்வப்போது நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓட வேண்டும். மார்க்கெட்டுக்கும் கோவிலுக்கும் மட்டும் போய் வரும் வீட்டுக்கு அது தலைவலி.

ஒரு செல் மாறியது

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது அப்பா தனியாக உட்கார்ந்து பி6ஐ மாற்றிக் கொண்டிருந்தார். 770000 என்பது 470000 ஆகியிருந்தது. "ஏன்ப்பா?" என்றேன். "மூணு லட்சம் அம்மா முழங்கால் ஆபரேஷனுக்குன்னு வச்சது. வண்டி வாங்கிட்டு அப்புறம் பார்த்துக்கலாம்னு நெனச்சேன்" என்றார். ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னதே எனக்கு அன்றுதான் தெரியும். அம்மா ஏறி இறங்க வசதியான வண்டிக்கு, அம்மாவின் முழங்கால் பணம்.

தவணை வரிசை 14,531, 16,279, 24,910 என்று மாறியிருந்தது. "எனக்கு பன்னிரண்டாயிரத்துக்கு மேல தாங்காதுல" என்றார். இங்கேதான் கோல் சீக் வருகிறது. இதுவரை விலையைக் கொடுத்துத் தவணையைக் கேட்டோம். இப்போது தவணையைக் கொடுத்து விலையைக் கேட்கப் போகிறோம். எக்ஸெல்லில் டேட்டா டேபில் வாட் இஃப் அனாலிசிஸ் என்பதைக் கிளிக் செய்து கோல் சீக் தேர்ந்தெடுக்கவும். லிப்ரே ஆபீஸில் டூல்ஸ் மெனுவில் இருக்கும். கிடைக்கும் சிறிய பெட்டியில் மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் பி14, இரண்டாவதில் 12000, மூன்றாவதில் பி8. ஓகே கொடுங்கள். மூன்றாவது கட்டத்தில் தரும் செல்லில் ஃபார்முலா இருக்கக் கூடாது, நேரடி எண்தான் இருக்க வேண்டும்.

ஷோரூம் விலை 8,82,106 என்று வந்தது. எங்களால் முடிந்த வண்டி அது. பதிமூன்றரை அல்ல. (பழைய எண் திரும்ப வேண்டும் என்றால் கன்ட்ரோல் கீயுடன் இசட் அழுத்துங்கள்.)

பணம் அல்லாதவை

மற்ற விஷயங்களுக்கு மதிப்பெண் போடலாம் என்று இரண்டாவது ஷீட்டைத் திறந்தேன். இட வசதி, டிக்கி, ஓட்டும் சுகம், சர்வீஸ் சென்டர் தூரம் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை முக்கியத்துவம் என்று ஒரு காலம், ஒவ்வொரு காருக்கும் பத்துக்கு எத்தனை என்று மூன்று காலம். சம்ப்ராடக்ட் என்ற ஃபங்ஷன் முக்கியத்துவத்தையும் மதிப்பெண்ணையும் பெருக்கிக் கூட்டித் தரும். நல்ல முறைதான். ஆனால் முதல் முறை சிவப்பு ஜெயித்தது. நான் 'ஓட்டும் சுகம்' என்பதன் முக்கியத்துவத்தை 3லிருந்து 5 ஆக்கினேன். அப்போதும் சிவப்பு. 'கூடுதல் வசதிகள்' என்று ஒரு வரிசை புதிதாகச் சேர்த்தேன். வெள்ளை ஜெயித்தது! அப்பா பின்னாலிருந்து, "என்னல, பரீட்சை முடிஞ்ச பொறவு கேள்வித்தாளை மாத்துத?" என்றார். முக்கியத்துவ எண்களை ஷோரூமுக்குப் போவதற்கு முன்பே, வீட்டில் எல்லோரும் சேர்ந்து எழுதி விடுங்கள். நான் செய்ததைச் செய்யாதீர்கள்.

பாதுகாப்புக்கு மட்டும் மதிப்பெண் போட வேண்டாம் என்பது என் கருத்து. மதிப்பெண்ணில் சேர்த்தால் நல்ல மியூசிக் சிஸ்டம் மோசமான பிரேக்கை ஈடுகட்டிவிடும். அது நுழைவுத் தகுதியாக இருக்கட்டும். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள பாரத் என்கேப் திட்டத்தில் காரை 64 கி.மீ. வேகத்தில் தடுப்பில் மோத விட்டு, பெரியவர்களுக்கு 32க்கும் குழந்தைகளுக்கு 49க்கும் மதிப்பெண் தருகிறார்கள். அதன் இணையதளத்தில் மாடல் வாரியாகப் பார்க்கலாம். இது நிறுவனங்கள் தாமாக முன்வந்து தரும் சோதனை, கட்டாயமில்லை. அதனால் எல்லா வண்டியும் அதில் இருக்காது. குறைந்த வேரியன்ட் வாங்குபவர்கள் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: ஆறு ஏர்பேக், இஎஸ்சி, பின் சீட்டில் நடுவில் உட்காருபவருக்கும் தோள் வழியாக வரும் பெல்ட் இவையெல்லாம் இந்த வேரியன்டில் உண்டா? சன்ரூஃப் இல்லாவிட்டால் வெயில் உள்ளே வராது, அவ்வளவுதானே.

சீட் உயரத்துக்கு அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தார். வீட்டில் சிரமமில்லாமல் உட்கார்ந்து எழும் நாற்காலியின் உயரத்தை ஒரு நூலில் முடிச்சுப் போட்டு எடுத்து வந்தார். தரையிலிருந்து கார் சீட் வரை நூலைப் பிடித்துப் பார்த்தோம். சிவப்பு முடிச்சை விட நாலு விரல்கடை உயரம், சாம்பல் அதைவிடவும் அதிகம். எஸ்யுவி என்றாலே முழங்காலுக்கு நல்லது என்று நினைத்திருந்தோம். சீட் உயரம் இடுப்பை ஒட்டி இருந்தால்தான் சுலபம். அதற்கு மேல் போனால் ஏறுவதே ஒரு வேலை.

கடைசியாக வீட்டு கார் ஷெட். உள் நீளம் 14 அடி. ஒரு அடிக்கு 304.8 மி.மீ. என்பதால், ஒரு காலி செல்லில் =14*304.8 என்று போட்டால் 4,267 மி.மீ. க்ரெட்டா 4,330 மி.மீ. நீளம். சாம்பல் அந்த வகை என்றேன் அல்லவா? கேட் மூடாது! இதை முதலிலேயே டேப் வைத்து அளந்திருந்தால் ஒரு காலம் குறைவாகப் போட்டிருக்கலாம்.

சிவப்பிலேயே இரண்டு படி குறைந்த வேரியன்டை எடுத்தோம். ஷோரூம் விலை 8,80,000, எல்லாம் சேர்த்து 10,42,700, தவணை 11,888. ஏர்பேக் ஆறும் இருக்கிறது, அலாய் வீல் இல்லை. மூன்று லட்சம் வங்கியில் அப்படியே இருக்கிறது. ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியாகிவிட்டது.

அதே ஃபைலில் மூன்றாவது ஷீட்டை இப்போது அப்பாவே தொடங்கியிருக்கிறார். ஏ காலத்தில் தேதி, பியில் ஓடோமீட்டர், சியில் போட்ட லிட்டர். ஒவ்வொரு முறையும் டேங்கை முழுதாக நிரப்புவதால் டி3இல் =(பி3-பி2)/சி3 என்று போட்டு இழுத்தால் உண்மையான மைலேஜ் வந்துவிடும். முதல் நாலு தடவைக்குப் பின் போன் செய்தார். "14.2 வருது. நாம 14 போட்டோம்."